5 சென்டிமீட்டருக்குள்ள கண்டுபிடிக்கணும் தோழர்களே!

"காசு இருக்கிறவனுக்குத்தான் கல்லீரல் கிடைக்கும், நம்ம ஆளுன்னா கையை விரிச்சிருவாய்ங்க." மதுரைப் பக்கம் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. கோபம் நியாயம்தான். ஆனா அதை யார் மேல காட்டணும்னு கொஞ்சம் யோசிப்போம்.

கல்லீரல் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் மாற்று அறுவை சிகிச்சை செய்ய மாட்டாங்க. 1996-ல இத்தாலி மிலன் நகரத்து டாக்டர் மஸ்ஸாஃபெரோ குழு போட்ட அளவுகோல்தான் இன்னைக்கும் உலகம் முழுக்க அடிப்படை. ஒரே கட்டின்னா 5 செ.மீ.க்குள்ள இருக்கணும். ரெண்டு, மூணு கட்டின்னா ஒவ்வொண்ணும் 3 செ.மீ.க்குள்ள. ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கக் கூடாது, கல்லீரலை விட்டு வெளியே பரவியிருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? புதுக் கல்லீரலை உடம்பு ஏத்துக்கணும்னா எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கணும். ஒளிஞ்சிருக்கிற புற்று செல்லுக்கு அது கொண்டாட்டம், திரும்ப வளர்ந்துரும். மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட குடும்பம் அழுதுக்கிட்டே கொடுத்த உறுப்பு அது. வீணாகக் கூடாதுல்ல? (கட்டி பெருசா இருந்தா சிகிச்சை கொடுத்துச் சுருக்கி, அப்புறம் மறுபடி பரிசீலிக்கிறதும் உண்டு. ஒரு தடவை 'முடியாது'ன்னா கதை முடிஞ்சதுன்னு வீட்டுக்கு வந்துறாதீங்க.)

இன்ஜினியரிங் கவுன்சிலிங் பார்த்த நமக்கு கட்-ஆஃப் புதுசு இல்ல. கட்-ஆஃப் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்குள்ள வர்ற வாய்ப்புதான் ஒண்ணா இல்ல.

கல்லீரல் கடைசி வரைக்கும் வலிக்காது. பேரையூர்ல ஒருத்தர் கண்ணு மஞ்சளாகி, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சு, வயிறு வீங்கி பெரியாஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள கட்டி எட்டு, பத்து செ.மீ. ஆகியிருக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுக்க வசதி உள்ளவருக்கு அதே கட்டி ரெண்டு செ.மீ.ல சிக்கும். அநியாயம் நடக்கிற இடம் இதுதான்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல கல்லீரல் மாற்றும் இருக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலயே செஞ்சிருக்காங்க. ஆனா லேட்டா வந்தா காப்பீட்டு அட்டை கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதனால நாம கேட்க வேண்டியது ரொம்பப் பெருசு இல்ல. 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் வீடு தேடி வந்து பார்க்கிறாங்க. நல்ல திட்டம், யார் கொண்டு வந்ததுன்னு இங்க சண்டை வேண்டாம். அதோட ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் சேருங்க. கல்லீரல் சுருக்கம் உள்ளவங்க பேரைப் பதிவு பண்ணி, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரிகள்ல ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு ஸ்கேன் எடுங்க. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற மாதிரி அல்ட்ராசவுண்ட்தான், ராக்கெட் விடச் சொல்லல.

அடுத்த கிராம சபையில இதைத் தீர்மானமா கொண்டு வாங்க தோழர்களே. குடிப்பழக்கம், ரொம்ப நாள் சுகர், எப்பவோ வந்து போன மஞ்சக்காமாலை, இப்படி உங்க தெருவுல யாராவது இருந்தா இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்து எப்போ வரணும்னு கேட்டு, அந்தத் தேதியை உங்க போன்லயே அலாரம் வச்சிருங்க.

#ஆறு_மாதம்_ஒரு_ஸ்கேன்
#மதுரை