ஸ்டாக்ஹோம் சுவரும் நான் வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தையும்



இரண்டு மாதமாக மகள் வீட்டில், ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். கோடை விடுமுறையில் இருக்கும் பேரன்தான் எனக்கு வழிகாட்டி. "தாத்தா, அரண்மனை எல்லாம் அப்புறம், முதல்ல மெட்ரோ பார்க்கலாம்" என்றான். ரயிலில் பார்க்க என்னடா இருக்கிறது என்று நினைத்தேன். பத்து நாளாக வேறெதையும் பார்க்கவில்லை!

1950-இல் தொடங்கிய மெட்ரோ இது. மொத்தம் நூறு நிலையங்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் ஏதாவதொரு கலைப்படைப்பு இருக்கிறது. ஒரு டிக்கெட் 75 நிமிடம் செல்லும். வெளியே வராமல் நிலையம் நிலையமாக இறங்கி, பார்த்து, அடுத்த ரயிலில் ஏறலாம். முதியவர்களுக்குக் கட்டணம் குறைவு.

கணக்கு வாத்தியார் அல்லவா, டெக்னிஸ்கா ஹொக்ஸ்கோலன் நிலையத்தில் என்னை நகர்த்தவே முடியவில்லை. பொறியியல் பல்கலைக்கழகம் அருகே உள்ள நிலையம். நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என்று ஐந்து ஒழுங்குத் திண்மங்களும் நடைமேடையில் இருக்கின்றன. நான் அட்டையை வெட்டி ஒட்டிக் காட்டுவேனே, அதேதான். பசை காய்வதற்குள் பிரிந்துவிடும், நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே 1973-இல் வைத்தது அப்படியே இருக்கிறது.

ஓஸ்டர்மால்ம்ஸ்டோரி நிலையத்தில் சீரி டெர்கெர்ட் என்ற ஓவியர் கான்கிரீட் சுவரிலேயே கோட்டுச் சித்திரங்கள் செதுக்கியிருக்கிறார். பெண்ணுரிமை, போர் வேண்டாம் என்பதெல்லாம் கருப்பொருள். 1965-இல் அந்த நிலையம் திறந்தபோது அவருக்கு எழுபது வயது எப்போதோ தாண்டிவிட்டது. முழங்கால் வலி என்று லிஃப்ட் தேடிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கலை மெட்ரோவுக்குள் வரவேண்டும் என்று 1950-களில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

சோல்னா சென்ட்ரும் நிலையத்தில் கூரை முழுக்க ரத்தச் சிவப்பு வானம். கீழே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சைக் காடு. 1975-இல் வரைந்தது. அழகுக்காக மட்டும் வரையவில்லை. காடு அழிவதும் கிராமங்கள் காலியாவதும் அப்போது இந்த நாட்டில் பெரிய பேச்சாக இருந்தன. அதைக் கொண்டுவந்து, அலுவலகம் போகிறவன் கண்ணில் தினமும் படும்படி வைத்துவிட்டார்கள்.

"பணக்கார நாடு, செய்கிறார்கள். நமக்கு எதற்கு இந்த வீண் செலவு?" என்று என் மைத்துனர் போனில் கேட்டார். மச்சான், நீங்கள் இதையும் படிப்பீர்கள் என்பதால் இங்கேயே பதில் சொல்கிறேன். அந்தச் சிவப்பு வானத்தில் பளிங்கும் இல்லை, கிரானைட்டும் இல்லை. குடைந்த பாறை, அதன்மேல் பீய்ச்சிய கான்கிரீட், அதன்மேல் பெயிண்ட். அவ்வளவுதான். பாறையின் மேடுபள்ளத்தைக்கூட மறைக்கவில்லை. சுவர் எப்படியும் கட்டத்தான் போகிறோம். அதில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

டி-சென்ட்ராலென் என்பது மூன்று பாதைகளும் சேரும் நிலையம், நம் சென்ட்ரல் மாதிரி. அதன் நீலப் பாதை நடைமேடைக் குகையில் பெர் ஓலோஃப் உல்ட்வெட் என்ற கலைஞர் வெள்ளைப் பின்னணியில் நீலக் கொடிகளும் இலைகளும் வரைந்திருக்கிறார். அவசரமாக ஓடுகிற கூட்டத்துக்கு மனம் அமைதியாகட்டும் என்றுதான் நீலமாம். அந்தச் சுவரின் ஒரு பகுதியில் மனித உருவங்கள், நிழல் மாதிரி, நீலத்தில். ராஜாவா, மந்திரியா என்று பேரனைக் கேட்டேன். "இல்ல தாத்தா, இந்த ஸ்டேஷனைக் கட்டின வேலைக்காரங்க" என்றான்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

1994-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. வடிவியலில் ஒற்றை இலக்க மதிப்பெண் வாங்கிய ஒரு பையனை எழுப்பி நிறுத்தி, "நீ கம்பி கட்டத்தான் லாயக்கு" என்று சொன்னேன். அன்று வகுப்பே சிரித்தது. நான் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். எல்லா ஆசிரியர்களும் சொன்னதுதான். கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளும் சித்தாள் வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "சார், நீங்க சொன்ன மாதிரியே கம்பிதான் கட்டுறேன். இப்ப மெட்ரோவுல, மவுண்ட் ரோட்டுக்கு அடியில" என்றான். வளைக்கிற கம்பிக்கு எவ்வளவு நீளம் கூட்டி வெட்ட வேண்டும், கொக்கிக்கு விட்டத்தைப்போல எத்தனை மடங்கு விட வேண்டும் என்று மனக்கணக்காகவே சொன்னான். நான் சொல்லித்தராத வடிவியல். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

2019-இல் டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டை சுரங்கப் பாதை திறந்ததும் ஆசையாகப் போய்வந்தேன். ஏ.சி. குளிரைப் பாராட்டினேன், எஸ்கலேட்டரைப் பாராட்டினேன். அவன் நினைவு ஒரு நிமிடம்கூட வரவில்லை.

சென்னையில் இப்போது இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டருக்கு வேலை நடக்கிறது. என் மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், ஓவிய ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். சுவர்கள் முடிவாகும் முன்பே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். தலைவர்கள் பெயரில் நிலையங்கள் இருக்கட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. ஒரே ஒரு நிலையத்திலாவது ஒரு சுவரைக் கட்டியவர்களுக்குக் கொடுங்கள். கம்பி கட்டியவர், வெல்டர், சித்தாள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கிய பையன்கள், இவர்கள் உருவம் அதில் இருக்கட்டும். பெயரையும் அவரவர் எழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது.

கடைசியாக, 'ஆ' பிரிவு தம்பிக்கு. நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய், நான் போடும் பொங்கல் வாழ்த்துக்கெல்லாம் கைகூப்பும் படம் போடுவாய். அன்று நான் சொன்னது தப்பு. கல்யாண வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோடு போகலாம், டிக்கெட் என் செலவு. நீ கம்பி கட்டியது எந்த நிலையம், எந்தத் தூண் என்று காட்டு.