முதலில் டேங்கைப் பாருங்கள்!

போன பருவத்தில் நன்றாக ஓடிய பிரஷ் கட்டர், களை மண்டிய நேரத்தில் கிளம்ப மறுக்கிறதா? புது கார்புரேட்டருக்குச் செலவழிக்கும் முன் டேங்கைப் பாருங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் தேங்கினால் பிசின்போல் படிந்து கார்புரேட்டர் துளையை அடைக்கும்.

பழையதை வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். 2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கையேட்டில் உள்ள அளவில் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. எஞ்சின் ஆறியபின் பிளக்கின் கரியைத் துடைத்து, ஏர் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள். கிளம்பியும் வேகம் எடுக்காவிட்டால் சைலன்சர் வலையில் கரி அடைத்திருக்கலாம். இத்தனைக்குப் பிறகே மெக்கானிக்.

பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். களை விதை கட்டும் முன் வெட்ட வேண்டும். கருவி பழுதென்று அது காத்திருக்காது.