ஒரு வருட இடைவெளி, ஒரு நாள் ஆட்டம்

பொங்கல் வந்துவிட்டால் போதும், செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இளைஞர் கூட்டம் திடீரென்று கூடிவிடும். சென்னை, பெங்களூர், புதுச்சேரி என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் போகிக்குள் வந்து இறங்கிவிடுவார்கள். திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் ஓடும் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. மாட்டுப் பொங்கலன்று கபடி, காணும் பொங்கலன்று வாலிபால். அதற்கு அடுத்த நாள்? பாதிப் பேர் நொண்டிக்கொண்டே பேருந்து ஏறுவார்கள்!

சிரிப்பாகத் தான் இருக்கும். ஆனால் எல்லாமே தைலம் தேய்த்தால் போகும் வலி அல்ல. முழங்காலில் ஜவ்வு அறுந்துவிட்டால் பலருக்கு ஆபரேஷன் வரை போகும். அதற்குப் பிறகு மறுபடியும் களத்தில் இறங்க ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நாள் முழுக்க பைக்கில் சுற்றிப் பொருள் கொடுத்துச் சம்பாதிப்பவனுக்கு அந்த ஒன்பது மாதம் யார் சம்பளம் கொடுப்பது? ஒரு கோப்பைக்கும் ஒரு கைதட்டலுக்கும் இது கொஞ்சம் அதிகமான விலை இல்லையா?

தவறு விளையாடுவதில் இல்லை. போன வருடம் விட்ட இடத்திலிருந்தே இந்த வருடமும் தொடங்கலாம் என்று நினைக்கிறார்களே, அங்கே தான் இருக்கிறது தவறு.

இதற்குக் காரணம் எளிது. கற்றுக்கொண்ட வித்தை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. எந்தப் பக்கம் பாடிப் போக வேண்டும், எப்போது காலை நீட்ட வேண்டும் என்பதெல்லாம் மூளையில் அப்படியே இருக்கும். ஆனால் உடம்பின் கதை வேறு. பயிற்சியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள்ளேயே மூச்சுத் தாங்கும் திறன் குறையத் தொடங்கிவிடும். பிறகு தசையின் வலுவும் குறையும். மூளை பழைய வேகத்தில் உத்தரவு போடும், கால் புதிய நிலைமையில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத அந்த ஒரு நொடியில் தான் 'டக்' என்று சத்தம் கேட்கும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் தேய்மானம் உண்டு. தேய்மானத்தைக் கழிக்காமல் பழைய விலையையே கணக்கில் எழுதினால் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு. பொங்கல் ஆட்டத்தில் நம் இளைஞர்கள் எழுதுவது அந்தப் பொய்க்கணக்கைத் தான்.

"அந்தக் காலத்தில் எங்கள் அண்ணன்மார்கள் பயிற்சியா எடுத்தார்கள்? நேராக வந்து ஆடிவிட்டுப் போகவில்லையா?" என்று கேட்பார்கள். உண்மை தான். ஆனால் அந்த அண்ணன்மார்கள் வருடம் முழுக்க ஏர் ஓட்டினார்கள், நெல் மூட்டை தூக்கினார்கள், வரப்பில் ஓடினார்கள். அவர்களுக்கு இடைவெளி என்ற ஒன்றே கிடையாது. இன்றைக்கு வருபவன் நாற்காலியிலோ வண்டி சீட்டிலோ பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தவன்.

சம்பளத்துக்கு ஆடுபவர்களே இதில் தப்பவில்லை. 2011 இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து நான்கு மாதத்துக்கும் மேல் மைதானங்கள் மூடிக் கிடந்தன. தகராறு தீர்ந்து எல்லோரும் அவசர அவசரமாகப் பயிற்சிக்குத் திரும்பிய முதல் 12 நாட்களில் மட்டும் 10 வீரர்களுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்தது. பெரிய மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்தில் இருந்தும் இந்த நிலை!

இந்த விஷயத்தில் உருப்படியாக ஒரு பாடம் சொல்லித் தரும் ஆட்டம் கோல்ஃப். செஞ்சிக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பணக்கார ஆட்டமாகவே இருக்கட்டும், பாடம் இலவசம் தானே! நம் நாட்டிலேயே காஷ்மீரின் குல்மார்க்கில் 8,000 அடிக்கு மேல் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் பனி மூடிவிடும், ஆட்டம் நின்றுவிடும். இப்படி வருடா வருடம் விட்டுவிட்டுத் திரும்புவது குளிர்நாட்டு கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவர்களுக்குச் சொல்லித் தரப்படும் வழி என்ன தெரியுமா? முதலில் குழிக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெல்ல உருட்டு. பிறகு கொஞ்ச தூரம் தூக்கி அடி. பாதி வீச்சு பழகியபின் முழு வீச்சு. பெரிய மட்டையைக் கடைசியாகத் தொடு.

டைகர் வுட்ஸ் 2017 ஏப்ரலில் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதுவும் நான்காவது முறை. அந்த ஆண்டு செப்டம்பரில் கூட அவர் அடித்த பந்துகள் 60 கஜம் தான் போயின. உலகத்தையே வென்றவர் பிள்ளைகள் மாதிரி 60 கஜம் அடிக்க வெட்கப்படவில்லை. டிசம்பரில் போட்டிக்குத் திரும்பினார். 2019 ஏப்ரலில், 43 வயதில், மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். பெரிய பட்டம் ஒன்றை அவர் கடைசியாக வென்றது 2008 இல்!

சரி, நம் ஊருக்கு வருவோம். மாஸ்டர்ஸ் வேண்டாம், மாட்டுப் பொங்கலுக்கு என்ன செய்வது?

மார்கழி மாதம் எதற்கு இருக்கிறது? பொங்கலுக்கு முன்னால் சரியாக ஒரு மாதம். காலையில் குளிர்ச்சி. எங்கே வேலை பார்த்தாலும் தினமும் இருபது நிமிடம் போதும். முதல் வாரம் வேக நடை, மாடிப்படி. இரண்டாவது வாரம் மெது ஓட்டம், உட்கார்ந்து எழுதல். மூன்றாவது வாரம் குதித்து இறங்குவது, சட்டென்று திரும்புவது. நான்காவது வாரம் முழு வேகம். ஒரு எச்சரிக்கை: தசை சீக்கிரம் வலுவடைந்துவிடும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் மெதுவாகத் தான் தயாராகும். அதனால் "உடம்பு பழையபடி ஆயிடுச்சு" என்று தோன்றும் நாளில் தான் அதிகக் கவனம் தேவை.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு ராஜகிரியை விட நல்ல பயிற்சியாளர் கிடைக்கமாட்டார். மலை சுமார் 800 அடி. ஏறும்போது மூச்சைச் சோதிக்கும், இறங்கும்போது தொடையைச் சோதிக்கும். இறங்கிய வலி இரண்டாம் நாள் தான் முழுதாகத் தெரியும். அதனால் முதல் நாளே உச்சிக்குப் போக வேண்டாம், பாதியில் திரும்பலாம். கோட்டையைக் கட்டியவர்கள் நெற்களஞ்சியத்தோடு உடற்பயிற்சிக் கூடமும் கட்டி வைத்தார்கள். களஞ்சியத்தில் நெல் இருந்தால் மட்டும் போதாது, கோட்டையைக் காப்பவன் உடம்பிலும் தெம்பு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2025 இல் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கூடத்தைப் பார்த்து ஒரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமே?

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பரிசுத் தொகையைக் கூட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை இதில் காட்டினால் போதும். களத்தில் இறங்கும் முன் இருபது நிமிடம் உடம்பைச் சூடேற்றாத அணிக்கு ஆட்டம் இல்லை என்று அறிவிக்கலாம். நார்வேயில் கால்பந்து ஆடும் சிறுமிகளிடம் இப்படி இருபது நிமிடப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008 இல் வெளியான அந்த ஆய்வில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதற்குப் பைசா செலவில்லை. முப்பதைத் தாண்டியவர்களுக்குத் தனி ஆட்டம் வைக்கலாம். காலையில் ஆடிய அணியை மாலை வரை ஓய்வில்லாமல் ஆடவைப்பதை நிறுத்தலாம்.

வருடம் முழுக்க வெளியூரில் உழைத்துவிட்டு ஊர் மண்ணில் ஒரு நாள் தொடை தட்டி நிற்கும் சந்தோஷத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் அடுத்த வருடமும் கிடைக்க வேண்டும், அவ்வளவு தான். அதற்கு இந்த மார்கழியில் தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். தையில் நொண்டாமல் பேருந்து ஏறலாம்!