கழிமுகத்துப் பிள்ளைகளும் காட்டுவழியும்

முல்லைத்திணையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்கொரு கூச்சம் உண்டு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் காட்டைக் கண்டதில்லை. கொசத்தலையாற்றை அறிவர், ஆனால் அவர்கள் அறிந்தது எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த, 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிய ஆறு.

அதே ஆற்றின் மேற்புறம், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, குடியம் குகைகளுக்குச் செல்லும் காட்டுவழி இருக்கிறது. முட்புதரும் கூழாங்கல்லும் நிறைந்த வழி. குகையின் கூரையிலும் கூழாங்கற்களே பதிந்துள்ளன. அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்கிறது 2011இல் வெளியான ஆய்வு. இத்தகைய பாடத்தை எந்த வகுப்பறை தரும்?

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பல உயிர்களைக் கொண்டதை மறக்கலாகாது. எனவே கோடை வேண்டா. வனத்துறையின் இசைவின்றி அடியெடுத்து வைக்கவும் வேண்டா. ஆயின், பெண்மக்களுக்குக் காடு எதற்கு என வினவும் பெரியோரிடம் நாம் பணிவுடன் மாறுபடுகிறோம். தாய் உடன் வராத நடையில் சிறுபிள்ளை பாதிவழியில் அழும். இது நாம் கண்டது! குழந்தை கல் பொறுக்க நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான்.

வரும் தைத் திங்களில் சில குடும்பங்கள் முன்வருமாயின், உடன் நடக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.