ரசீது வரலைன்னா கவுண்டர் பிள்ளைங்களைத் திட்டாதீங்க



பிப்ரவரி 1-ஆம் தேதி தைப்பூசம். அதுக்கு முன்னாடி அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல நிக்கிற தொண்டூழியர்கள் நாங்க உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

போன வருஷம் நாங்க வாங்கின ஏச்சுல பாதி பிரிண்டரால வந்தது. வரிசையில நாப்பது பேர் நிப்பாங்க. ரசீது பாதியில நின்னுடும், இல்லைன்னா வெள்ளைத் தாளா வரும். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க என்னத்தை நோண்டுனீங்க?"ன்னு கேப்பாங்க. நாங்க எதையும் தொடலைங்க. எந்தக் கம்பெனி மெஷின்னு பேர் சொல்ல வேணாம், அது இப்ப முக்கியமில்லை. ஆடி மாசத்துல எஸ்.பி.எம். முடிச்ச ஒரு தம்பி கவுண்டர்ல உக்காந்திருந்தான். பெரியவர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "வேலை தெரியாத பயலையெல்லாம் உக்கார வெச்சா இப்படித்தான்"ன்னு சொல்லிட்டார். தம்பி பதில் பேசல. பூசை முடியுற வரைக்கும் இருந்தான், அதுக்கப்புறம் கோவில் பக்கம் வரவே இல்லை. கோவிலுக்குப் பிள்ளைங்க வரதே குறைஞ்சு போச்சுன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் பேசுறோம். வந்த பிள்ளையை ஒரு துண்டு ரசீதுக்காக விரட்டியாச்சு.

அதனால இந்த அப்டேட், டிரைவர் சமாச்சாரம் என்னன்னு எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றோம்.

தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு கிராணியைத் தெரியும். துரை இங்கிலீஷ்ல சொல்வார், கிராணி அதை நம்ம ஆளுங்களுக்குத் தமிழ்ல சொல்வார். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவுல இருக்கிற டிரைவர்ங்கிறது அந்த கிராணிதான். அப்டேட் என்ன பண்ணுதுன்னா, ஒரே ராத்திரியில துரை பேசுற பாஷையை மாத்திடுது. சில நேரம் கிராணியையே மாத்திடுது. காலையில துரை ஒண்ணு சொல்றார், நிரையில இருக்கிறவங்க வேற ஒண்ணு செய்றாங்க. துரை மேலயும் தப்பில்லை, பால் மரம் சீவுறவங்க மேலயும் தப்பில்லை.

இது நம்ம பெண்டாங்ல மட்டும் நடக்கிற கூத்துன்னு நினைக்காதீங்க. 2021 மார்ச் 9-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு அப்டேட் வந்துச்சு. அதைப் போட்டவங்கள்ல சில வகை பிரிண்டர் வெச்சிருந்தவங்க 'பிரிண்ட்' அமுக்கினதும் கம்ப்யூட்டரே நீலத் திரை காட்டிப் படுத்துடுச்சு. ஒரு வாரத்துக்குள்ள மைக்ரோசாஃப்ட் திருத்தம் விட்டாங்க. அந்தத் திருத்தத்துக்கும் இன்னொரு திருத்தம் தேவைப்பட்டுச்சு. 2025 ஜனவரி கடைசியில வந்த அப்டேட் அதைவிட வேடிக்கை. யூ.எஸ்.பி. வயர்ல மாட்டின சில பிரிண்டர்கள், யாரும் ஒண்ணும் அடிக்கச் சொல்லாமலே, புரியாத எழுத்தா அடிச்சுத் தாளைத் தள்ளுச்சு. அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11. கம்பெனி கோளாறை ஒத்துக்கிட்டு சரி பண்ணினது மார்ச் மாசம். நல்லவேளை நம்ம கோவில்ல அப்படி நடக்கல. நடந்திருந்தா மெஷினுக்கு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டிருப்போம்.

தாள் வீணாப் போனா பரவாயில்ல. 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரோட சொந்த ஃபைலையே அழிச்சிடுச்சு. அக்டோபர் 2-ல விட்டாங்க, 6-ஆம் தேதி நிறுத்தி வெச்சாங்க, மறுபடி நவம்பர்லதான் விட்டாங்க. ஒரு கோவிலோட சந்தாக் கணக்கும் உபயக்காரங்க பட்டியலும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து, அதுக்கு நகல் இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாத்துலயும் பெருசு 2024 ஜூலை 19. அன்னிக்கு ஆடி முதல் வெள்ளி. நம்ம கெடாவுல வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அதனால பல பேருக்கு அது உறைக்கல. மத்தியானம் 12 மணி தாண்டினதும் உலகம் பூரா 8.5 மில்லியன் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி விழுந்துச்சு. கோலாலம்பூர் விமான நிலையத்துல ஏர் ஏசியா பயணிகளைக் கையால எழுதி ஏத்தி விட்டாங்க. இந்தத் தப்பு மைக்ரோசாஃப்ட் பண்ணினது இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பின ஒரு சின்ன ஃபைல். அவங்க டிரைவர் 20 விவரத்தை எதிர்பார்த்துச்சு, ஃபைல்ல 21 இருந்துச்சு, அவ்வளவுதான் கதை. ஒண்ணே கால் மணி நேரத்துல ஃபைலைத் திரும்ப வாங்கிட்டாங்க. ஆனா விழுந்த மெஷினுக்குப் பக்கத்துல ஆள் போய், ஒவ்வொண்ணா திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டி இருந்துச்சு.

எங்களுக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். நாங்க பாதிப் பேர் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க. புது மோல்ட் ஏத்தினா முதல்ல நாலு துண்டு அடிச்சுப் பார்ப்போம். கியூ.சி. கையெழுத்துப் போடாம லைன் ஓடாது. ஓடின பிறகும் மணிக்கு ஒரு தடவை எடுத்து அளப்போம். அப்படிப் பார்க்காம ஒரு லாட் வெளிய போச்சுன்னா மறுநாள் சூப்பர்வைசர் ஆபீஸ்ல நிக்கணும். இவ்வளவு பெரிய கம்பெனி அந்த ஃபைலை முதல்ல கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்க்காம ஒரே நேரத்துல எல்லாருக்கும் தள்ளி விட்டுச்சு. இனிமே படிப்படியா அனுப்புவோம்னு பிறகு சொன்னாங்க. எங்க ஃபேக்டரியில நேத்து சேர்ந்த பிள்ளைக்குக்கூட முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

"அப்படின்னா அப்டேட்டையே நிறுத்திடுங்க"ன்னு கமிட்டியில ஒருத்தர் சொன்னார். அதுக்கு நாங்க சம்மதிக்க மாட்டோம். 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் வந்து உலகம் பூரா கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்டுச்சு. இங்கிலாந்துல அரசாங்க ஆஸ்பத்திரிங்க நோயாளிங்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்துச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச்லயே வந்துடுச்சு. அதைப் போடாதவங்கதான் மாட்டினாங்க. அதனால அப்டேட் கட்டாயம் வேணும். திருவிழா வாரத்துல மட்டும் வேணாம். விண்டோஸ்ல 35 நாள் வரைக்கும் தள்ளி வைக்க வழி இருக்கு. மாச அப்டேட் அமெரிக்காவுல ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நமக்குப் புதன்கிழமை விடியக்காலை. பிப்ரவரியோடது பூசம் முடிஞ்சுதான் வருது. கொடி ஏறின பிறகு தேர்ச் சக்கரத்தைக் கழட்டி யாரும் எண்ணெய் போடறதில்லையே!

இன்னொரு பேச்சும் ஓடுது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு நின்னு போச்சு, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்னு. விண்டோஸ் 11 பெரும்பாலும் 2017-க்கு முந்தின மெஷின்கள்ல முறைப்படி ஏறாதுங்கிறது உண்மைதான். ஆனா நம்ம கம்ப்யூட்டர் ஒரு குடும்பம் தாத்தா நினைவா கொடுத்த உபயம். தோட்டத்துல சீவிச் சேர்த்த காசு அது. மெஷின் இன்னும் ஓடுது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிச்சிருக்காங்க, 30 அமெரிக்க டாலர், சில நிபந்தனையோட இலவசமாவும் உண்டு. நிறுவனங்களுக்கு ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர். புது கம்ப்யூட்டர், அதுக்குப் பொருந்துற புது பிரிண்டர்னு கணக்குப் போட்டா இது சின்னத் தொகை. அன்னதானத்துக்கு அரிசி வாங்கிற காசுல அவசரப்பட்டுப் புதுசு வாங்க வேணாம்ங்கிறது எங்க கருத்து. கமிட்டி வேற மாதிரி முடிவு எடுத்தா எடுக்கட்டும், உபயக்காரங்க வீட்டுக்கு முதல்ல போய்ச் சொல்லிட்டுச் செய்யட்டும்.

புதுசு வாங்கினாலும் தலைவலி தீராது. பழைய உறுப்பினர் பட்டியல் யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி இருந்த எழுத்துருல அடிச்சது. அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல முனியம்மாங்கிற பேரு புள்ளியும் கோடுமா தெரியும். அதை மாத்தி அடிக்க ஆள் வேணும். அந்த வேலைக்குத்தான் ஆடியில போன தம்பி மாதிரிப் பிள்ளைங்க தேவை.

இந்தப் பூசத்துக்கு அப்டேட்டைத் தள்ளி வெச்சாச்சு. கணக்கை ரெண்டு பென்டிரைவ்ல எடுத்து ஒண்ணைச் செயலாளர் வீட்டுல வெச்சிருக்கோம். கவுண்டர்ல கார்பன் தாள் வெச்ச பழைய ரசீது புத்தகம் அஞ்சு இருக்கும். மெஷின் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னா புத்தகத்துக்கு மாறிடுவோம், கையால எழுதினதும் செல்லும். வர்றவங்க பேர், நட்சத்திரம், ராசியை வீட்டுலயே ஒரு தாள்ல எழுதிக் கொண்டாந்துடுங்க, வரிசை சீக்கிரம் நகரும். அந்தத் தம்பியோட அப்பாகிட்ட பேசியிருக்கோம், பூசத்தன்னிக்கு அனுப்பி வைக்கிறேன்னு சொல்லியிருக்கார். அவன் கவுண்டர்ல இருந்தா, "சாப்பிட்டியாப்பா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.