நுரைக்கும் இரசமும் நுரையாத கலயமும்



பனம்பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் கிடைப்பது அக்கானி. பூசாவிடில் கிடைப்பது கள். மரம் ஒன்றே, பாளையும் ஒன்றே. ஆயினும் ஒன்று தெளிந்து நிற்கிறது. மற்றது நுரைத்துப் பொங்குகிறது. குமரி மாவட்டத்துச் சிறுவரும் அறிந்த செய்தி இது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற ஷாம்பேன் மதுவும் இதே நுரையால் பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. திறந்த கலயத்தில் அவ்வாயு நுரையாய் வெளியேறிவிடும். ஷாம்பேன் பகுதியின் கடுங்குளிரிலோ, திராட்சை இரசத்தின் நொதிப்பு பாதியில் உறங்கி, இளவேனிலில் புட்டிக்குள் மீண்டும் விழித்தெழும். போக வழியற்ற வாயு இரசத்தில் கரைந்து, தக்கையைத் திறந்ததும் குமிழிகளாய்ச் சீறும். புட்டியின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலம். முற்காலத்தில் பல புட்டிகள் வெடித்துச் சிதறின. இன்றோ சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, இவ்விரண்டாம் நொதிப்பை வேண்டுமென்றே நிகழ்த்துகின்றனர்.

இம்மதுவைக் கண்டுபிடித்தவர் தோம் பெரினியோன் என்னும் துறவியே என்பது உலகறிந்த கதை. ஆசீர்வாதப்பர் சபையினரான அவர், 1668 முதல் 1715இல் இறக்கும்வரை ஓவில்லேர் மடத்தின் இரசக்கிடங்குப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஆனால் உண்மை வேறு. அந்நாளில் குமிழி ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. அவரும் அதைத் தவிர்க்கவே பாடுபட்டார். சர்க்கரை சேர்த்து இரசத்தை நுரைக்கச் செய்யும் வழக்கத்தை, கிறிஸ்டோபர் மெரட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1662ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்திருந்தார். பற்பல தோட்டத்துத் திராட்சைகளைத் தேர்ந்து கலந்த திறமையே துறவியின் மெய்யான பெருமை. கண்டுபிடிப்புக் கதையோ, 1821இல் அம்மடத்தவர் ஒருவர் வரைந்த கடிதத்தினின்று வளர்ந்தது.

அத்துறவி அரும்பாடுபட்டுத் தடுக்க முனைந்த நொதிப்பை, நம் பனையேறி சிறிதளவு சுண்ணாம்பால் அன்றாடம் தடுத்து வந்தார். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிரை அடக்க, அக்கானி இனிமை குன்றாது கருப்புக்கட்டியாய்க் காய்ந்தது. எத்தனையோ இல்லங்களில் பிள்ளைகள் பசியாறியதும் பள்ளி சென்றதும் அவ்வருமானத்தால்தான். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உண்டு, அக்கானிக்கு இல்லை. ஆயினும் பனை ஏறுவோர் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றனர்.

தமக்குரியதல்லாத புகழை உலகம் ஒரு துறவிக்குச் சூட்டியது. தமக்கே உரிய புகழைப் பெறாத பனையேறியின் அறிவை, நாமாவது நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக.