வாசலில் காத்திருக்கும் குரல்



வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தை நாம் அறிவோம். அங்கே கனரக வண்டிகள் வரிசையாய் நின்றுவிட்டால், மருந்து வாங்கச் செல்பவரின் மிதிவண்டியும் அவற்றின் பின்னே காத்திருக்க வேண்டியதே. சாலை அகலமாயிருந்து என்ன பயன்?

இதே நெரிசல் நம் இல்லங்களிலும் உண்டு. தொழிற்சாலை வேலைக்காக இங்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகன், ஊரிலுள்ள தாயுடன் கைப்பேசி வழியே செபமாலை சொல்வதாகக் கொள்வோம். அருள்நிறை மந்திரத்தின் முற்பகுதியைத் தாய் சொல்ல, பிற்பகுதியை மகன் சொல்கிறான். அவ்வேளையில் அறைத் தோழன் திருவிழாப் படங்களை இணையத்தில் அனுப்பத் தொடங்குகிறான். மகனின் மறுமொழி பிந்திப் போய்ச் சேருகிறது. அது வருமுன்னே தாய் அடுத்த மந்திரத்தைத் தொடங்கிவிடுகிறார். செபம் சிதறுகிறது.

உடனே நாம், கூடுதல் பணம் கட்டி அதிக வேகம் வாங்க எண்ணுகிறோம். ஆனால் வேகம் வேறு, தாமதம் வேறு. ஒரு விநாடியில் எவ்வளவு தரவு செல்கிறது என்பது வேகம். ஒரு சிறு செய்தி சென்றடைய எவ்வளவு நேரமாகிறது என்பது தாமதம். உரையாடல் இயல்பாக அமைய, ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருத்தல் நலம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இந்தத் தாமதம் பல வேளைகளில் நம் வீட்டு ரூட்டரிலேயே பிறக்கிறது. இணைப்பு தாங்காத அளவுக்குத் தரவு வந்தால், ரூட்டர் அதைத் தன் நினைவகத்தில் வரிசையாய் நிறுத்தி வைக்கிறது. எதையும் இழக்கலாகாது என்பதே நோக்கம். எனினும் வரிசை நீள நீள, சின்னஞ்சிறு குரலும் கடைசியில் நிற்கிறது. 2010-ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், தம் இல்லத்து இணைப்பில் ஒரு விநாடிக்கும் மேலான தாமதம் நேர்வதைக் கண்டு ஆராய்ந்து, இதற்குப் ‘பஃபர்புளோட்’ எனப் பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் இவ்வரிசையைக் குறுக்கும் முறையொன்றை வெளியிட்டனர்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. ரூட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருப்பின், அதை இயக்கி, இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் குறைவாக வரம்பிடலாம். ரூட்டரை இரும்புப் பீரோவின் பின்னே ஒளிக்காமல், வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் கடந்து தொலைவு செல்லும், ஆனால் அக்கம்பக்கத்து அலைகளோடு நெரிசலுறும். ஆகவே அருகில் இருப்போர் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்துகொள்வது நலம். அசையாத கணினிக்குக் கம்பி இணைப்பே சிறந்தது.

அனைத்துக்கும் மேலாக, பெருஞ்சுமையை அனுப்புவோர் அரைமணி நேரம் பொறுக்கலாமே! படங்கள் காலையில் சென்றாலும் குறைவில்லை. நாள் முழுதும் மகனின் குரலுக்காகக் காத்திருந்த தாயை, நம் வாசலிலும் காக்க வைத்தல் தகுமோ?